வண்டியைக் கெடுத்த கை

சேவலின் தலை ஒரே வெட்டில் போய்விட்டது. உடம்பு மட்டும் ஓங்-யா சாமி கோயில் வாசலில் எங்கே போவதென்று தெரியாமல் நாலு பக்கமும் ஓடி, ஊதுவத்திச் சட்டியில் மோதி, ஹொக்-லாயின் வெள்ளைச் சட்டை முழுக்க ரத்தத்தை அடித்துவிட்டுத்தான் விழுந்தது. அவன் துடைத்துக்கொள்ளவில்லை. கத்தியைக் கையில் பிடித்தபடியே சாமியைப் பார்த்து, மீன் ஏலக் கரை வரைக்கும் கேட்கிற மாதிரி சத்தியம் பண்ணினான்.

"என் தம்பியோட வண்டியை எந்தக் கை கெடுத்துச்சோ, அந்தக் கையை இன்னைக்குப் பொழுது சாயறதுக்குள்ள வெட்டி எடுக்கறேன். யாரு கையா இருந்தாலும் விடமாட்டேன். விட்டா என் தலை இந்தத் தலை மாதிரி போகட்டும்."

கோயிலைப் பார்த்துக்கொள்கிற ஆள் மெல்ல வாயைத் திறந்தார். சேவல் தலை சத்தியம் என்றால் ரெண்டு தரப்பும் வந்து நிற்கணும், ஒருத்தராக வந்து வெட்டிவிட்டுப் போனால் சாமி யார் கழுத்தைப் பார்க்கும் என்று முணுமுணுத்தார். ஹொக்-லாய் திரும்பி அவரை ஒரு பார்வை பார்த்தான். அவர் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு ரத்தத்தைக் கழுவப் போய்விட்டார்.

ஹொக்-லாயை அந்தத் துறைமுக ஊரில் தெரியாதவர்கள் கிடையாது. எந்தப் படகு எங்கே மீன் இறக்கலாம், யார் ஐஸ் போடலாம் என்று சொல்கிறவன் அவன்தான். கேட்காதவர்களின் பல்லைக் கழற்றியிருக்கிறான். நல்லவன் என்று பெற்றவள்கூடச் சொல்ல மாட்டாள். ஆனால் தம்பி ஆ-தூன் என்றால் அவனுக்கு உயிர். அப்பா கடலோடு போன பிறகு அந்தப் பயலைத் தூக்கி வளர்த்ததும், வண்டி ஓட்டப் பழக்கினதும், ஊரிலேயே வேகமான மோட்டார் சைக்கிளைப் பார்த்துப் பார்த்து வாங்கிக் கொடுத்ததும் அவன்தான்.

அந்தத் தம்பி இப்போது சந்தில் போட்டிருக்கிற பந்தலுக்குக் கீழே பெட்டியில் கிடந்தான். பெட்டியை மூட இன்றைக்குச் சாயங்காலம் என்று நேரம் குறித்தாயிற்று. பெற்றவர்களுக்கு முன்னால் போய்ச் சேர்ந்த பிள்ளையைப் பெற்றவள் ஒரு கம்பால் பெட்டி மேல் அடித்துத் திட்டணும், அதற்குப் பிறகுதான் ஆணி அடிக்கணும். அது அங்கே வழக்கம். மூங்கில் கம்பை வெட்டிக் கொண்டுவந்து அம்மாவிடம் கொடுத்தார்கள். அவள் அதை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"என் புள்ளைய வெட்ட வெச்ச கையை முதல்ல கொண்டா. அது வராம நான் கம்பை ஓங்க மாட்டேன். பெட்டி திறந்தே கிடக்கட்டும், நாறட்டும்" என்று பெரிய மகனிடம் சொன்னாள். அவள் அழக்கூட இல்லை. அதுதான் ஹொக்-லாயை நேராகக் கோயிலுக்கு ஓட வைத்தது.

நடந்தது இதுதான். ஆற்றுக்கு அந்தப் பக்கத்து வழுக்கைக் கெவ் என்பவனின் தாடையை ஹொக்-லாய் ஏலக்கரையில் வைத்து பாட்டிலால் உடைத்தான். மறுநாளே ஐஸ் ஃபேக்டரியிலிருந்து ஆ-தூன் வண்டியில் வரும்போது கெவ்வின் ஆட்கள் ரெண்டு வண்டியில் துரத்தினார்கள். துரத்தட்டுமே! அந்த வண்டியை எவனும் பிடித்திருக்க முடியாது. கூட இன்னொரு வண்டியில் தவளை போய்க்கொண்டிருந்தான். கண் ரெண்டும் வெளியே துருத்திக்கொண்டிருப்பதால் அவனுக்கு அந்தப் பெயர். ஹொக்-லாயின் வலது கை. பாலத்து நடுவில் இரும்புத் தகடு தூக்கிக்கொண்டிருக்கிற இடத்தில் ஆ-தூனின் வண்டி எகிறி விழுந்தது, விழுந்ததுமே எஞ்சின் செத்துவிட்டது. மீட்டரில் ஆரஞ்சு விளக்கு மட்டும் எரிந்தது. பையன் பட்டனை அழுத்து அழுத்தென்று அழுத்தினதைத் தவளை கண்ணாடியில் பார்த்தானாம். பார்த்தவன் திரும்பி வரவில்லை, அதையும் சொல்லிவிடணும். ஆளைக் கூட்டிக்கொண்டு வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. தர்பூசணி அறுக்கிற நீளக் கத்தியால் வெட்டியிருந்தார்கள். முகத்தைக் காப்பாற்றக் கையைத் தூக்கியிருக்கிறான் போல, முழங்கையிலிருந்து விரல் வரைக்கும் சதை கிழிந்து தொங்கியது. போலீஸ் வருவதற்குள் வண்டியை மட்டும் தவளை வேனில் தூக்கிப் போட்டுக்கொண்டு வந்துவிட்டான்.

வெட்டினவர்கள் அன்றைக்கே வக்கீலோடு ஸ்டேஷனில் போய்ச் சரணடைந்து பத்திரமாக உட்கார்ந்துகொண்டார்கள். கெவ் எந்தத் தீவில் ஒளிந்தான் என்று தெரியவில்லை. ஹொக்-லாயின் கைக்கு எட்டுகிற தூரத்தில் ஒருத்தனும் இல்லை. வயிறு எரிந்துகொண்டிருந்தவனிடம் தவளைதான் அந்தப் பேச்சை எடுத்தான். வண்டி தானாகவா நின்றது, கடைசியாகக் கை வைத்தவன் யார் என்று கேட்டான்.

கடைசியாகக் கை வைத்தவன் மெக்கானிக் லியாவ். சில வாரத்துக்கு முன்னால் அதே ஆரஞ்சு விளக்கு எரிகிறதென்று ஆ-தூன் வண்டியை அவன் கடையில் விட்டிருந்தான். விளக்கு அணைந்து வண்டி திரும்பி வந்தது. வந்த அன்றைக்கே ஹொக்-லாய் சீட்டைத் தூக்கிப் பார்த்தான். பச்சைப் பொட்டலத்தைக் காணோம்.

அந்த ஊரில் பச்சைப் பொட்டலம் இல்லாத மெஷின் கிடையாது. உள்ளே தேங்காய் வாசனையோடு பொரி மாதிரி ஒரு தீனி, அவ்வளவுதான். ஆனால் ஐஸ் ஃபேக்டரி மோட்டார் மேல், ஆஸ்பத்திரியில் ஸ்கேன் மெஷின் மேல், ரோட்டு சிக்னல் பெட்டிக்குள் என்று எங்கே பார்த்தாலும் ஒன்று உட்கார்ந்திருக்கும். வைத்துவிட்டால் மெஷின் அடம் பிடிக்காமல் வேலை செய்யும். பச்சை நிறந்தான் வைக்கணும், தேதி போனதை வைக்கக் கூடாது, பிரித்துத் தின்னவே கூடாது. தம்பிக்கு வண்டி வாங்கின அன்றைக்கே ஹொக்-லாய் சீட்டுக்கு அடியில், எஞ்சினின் மூளைப் பெட்டி மேலேயே, ஊதுவத்தி காட்டி ஒன்றை வைத்திருந்தான்.

"லியாவ் அண்ணன்தான் எடுத்துட்டாரு. அங்க வெச்சா..." என்று ஆ-தூன் சிரித்துக்கொண்டே ஆரம்பித்தான். முடிக்க விடவில்லை. பிடரியில் ஓங்கி ஒன்று வைத்தான் ஹொக்-லாய். அன்றைக்கே புதுசாக ரெண்டு பொட்டலம் வாங்கி வந்து, மூளைப் பெட்டிக்கும் சீட்டுக்கும் நடுவில் அழுத்தித் திணித்து, ரப்பர் போட்டுக் கட்டினான். கும்பிட்டுவிட்டுத்தான் சீட்டை மூடினான்.

காவலாக இருந்ததை எடுத்தவன் கெடுக்கத்தான் எடுத்திருக்கிறான். அதற்கு மேல் ஹொக்-லாய்க்குச் சாட்சி வேண்டியிருக்கவில்லை.

வெயில் மண்டையைப் பிளக்கிற நேரத்தில் வேன் லியாவின் கடை முன்னால் போய் நின்றது. லியாவ் ஒரு டயரைக் கழற்றிக்கொண்டிருந்தான். வேனில் கிடக்கிற வண்டியையும், ஹொக்-லாயின் சட்டையில் காய்ந்த ரத்தத்தையும் பார்த்தான், கையிலிருந்த டயர் நெம்பும் லீவரைத் தரையில் வைத்தான். ஓடவில்லை. ஹொக்-லாய் வேனிலிருந்து குதித்தான். முதல் குத்திலேயே லியாவின் மூக்கு சப்பையாகிவிட்டது. தவளை ஷட்டரை இழுத்து மூடிவிட்டு வந்து விலாவில் உதைத்தான். லியாவ் சுருண்டு விழுந்தான், விழுந்தவனைத் தலைமுடியைப் பிடித்துத் தூக்கி மறுபடி அடித்தார்கள். ஆயில் டின் கவிழ்ந்து தரையெல்லாம் ஓடியது.

சத்தம் கேட்டு உள்ளிருந்து அவன் பெண்டாட்டி சியூ-கிம் ஓடி வந்தாள். வந்தவள் அலறவில்லை, ஒரு செயினை எடுத்துத் தவளையின் முதுகில் சொடுக்கினாள். தவளை அவள் வயிற்றில் ஒரு எத்து எத்தி மூலையில் தள்ளினான். அங்கே விழுந்து மூச்சு வாங்கினபடியே அவள் ஹொக்-லாயின் ஏழு தலைமுறையையும் இழுத்துப் பேசினாள்.

ஹொக்-லாய் லியாவின் இடது கையைப் பிடித்து மேஜையோரம் இருந்த, சாமானைக் கவ்விப் பிடிக்கிற இரும்பு வைஸுக்குள் வைத்துப் பிடியைத் திருகினான். கெவ் உனக்கு என்ன சொல்லிக் கொடுத்தான், எந்த வயரை அறுத்தாய் என்று ஒவ்வொரு திருகுக்கும் ஒரு கேள்வி கேட்டான். லியாவ் இல்லை இல்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தான். விரல் ரெண்டு முறிகிற சத்தம் கடைக்குள் நன்றாகக் கேட்டது. அப்போதுதான் அவன் வீல் என்று கத்தினான்.

"பொட்டலத்தை ஏன்டா எடுத்த?"

"எலி வருது அண்ணே" என்றான் லியாவ், வாயிலிருந்து ரத்தம் ஒழுக. "அந்தப் பொட்டலத்துல ஓட்டை இருந்துச்சு. தீனிக்கு எலி உள்ள வந்து வயரைக் கடிக்க ஆரம்பிச்சிருந்துச்சு. நான் டேப் சுத்தி சரி பண்ணி, இனிமே இங்க வைக்காதேன்னு உங்க தம்பிகிட்ட சொல்லித்தான் அனுப்பினேன்."

ஹொக்-லாய் சிரித்தான். சிரிப்பு என்று சொன்னால் சிரிப்புதான், கேட்கிறவர்களுக்குக் குலை நடுங்கும். ஊரில் இருக்கிற அத்தனை மெஷின் மேலேயும் பொட்டலம் இருக்கிறது, என் தம்பி வண்டியைத்தான் எலி தேடி வந்ததா என்று கேட்டு இன்னும் ஒரு திருகு திருகினான். உள்ளே எங்கேயோ ஒரு மூலையில் ஆ-தூன் சிரித்துக்கொண்டே ஆரம்பித்த பேச்சு ஞாபகம் வந்தது. அதை அங்கேயே வைத்து அமுக்கினான். கத்தியை எடுத்து வரச் சொல்லித் தவளைக்குக் கண் காட்டினான்.

அப்போது லியாவ் சொன்னதுதான் எல்லாவற்றையும் மாற்றிவிட்டது.

"என் கையை எடுக்கணும்னா எடுங்க. ஆனா தப்பான கையை எடுத்துட்டுப் போனா சத்தியம் நிக்குமா? வண்டி வெளியேதானே கிடக்கு. உள்ள கொண்டாங்க, உங்க கண்ணு முன்னாடி பாக்கறேன். என் வேலையால நின்னுருந்தா இந்த வலது கையை நானே நீட்டறேன்."

அதற்குள் ஊர் முழுக்கப் பரவிவிட்ட சேவல் தலை சத்தியத்தை இழுத்ததும் ஹொக்-லாய் நின்றான். ஆளை அடிக்க அஞ்சாதவன், சாமியிடம் மட்டும் பயம் உண்டு. வைஸைத் தளர்த்தினான்.

ஷட்டரைத் தூக்கி வண்டியை உள்ளே இறக்கிவிட்டு மறுபடி மூடினார்கள். ஆ-தூனின் ரத்தம் டாங்க்கிலும் கைப்பிடியிலும் கறுத்துப்போய் ஒட்டியிருந்தது, யாரும் கழுவவில்லை. லியாவ் நசுங்கின கையை மார்போடு அணைத்துக்கொண்டு, நிற்க முடியாமல் ஒரு டயர் மேல் உட்கார்ந்தான். சீட்டைத்தான் முதலில் திறப்பான் என்று ஹொக்-லாய் நினைத்தான். லியாவ் திறக்கவில்லை. இப்பவே அதைத் தூக்கினால் நீதான் எதையோ வைத்தாய் என்பீர்கள், அது கடைசியில், அதுவும் நான் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டான்.

சாவியைப் போட்டான். மீட்டரில் ஆரஞ்சு விளக்கு எரிந்தது, எரியத்தான் வேண்டும். பட்டனை அழுத்தினான். வண்டி ஒரே உறுமலில் கிளம்பிவிட்டது, விளக்கும் அணைந்தது. தம்பி சாகும்போது கிளம்பாத வண்டி இப்போது ஒரு குறையும் இல்லாமல் ஓடுகிறது! அந்தச் சத்தம் கேட்டதும் ஹொக்-லாய்க்குத் தாங்கவில்லை. லியாவின் காதோடு சேர்த்து ஒரு அறை விட்டான். லியாவ் டயரிலிருந்து உருண்டான், எழுந்து மறுபடி உட்கார்ந்தான்.

வண்டியை அணைத்துவிட்டு, பக்கத்து மூடிக்குள்ளிருந்த, வயர்கள் சேருகிற ஒரு சின்ன கப்ளரில் துண்டு வயரைச் சொருகி மறுபடி சாவியைத் திருகினான். இப்போது ஆரஞ்சு விளக்கு விட்டு விட்டு எரிந்தது. கொஞ்சம் நீளமாக, பிறகு குட்டையாக, மறுபடி நீளமாக. எஞ்சின் பட்ட கஷ்டத்தை மூளைப் பெட்டி ஞாபகம் வைத்துக்கொண்டு இப்படித்தான் சொல்லும் என்றான். எஞ்சின் சுற்றுகிறதா இல்லையா என்று மூளைக்குச் சேதி கொண்டுபோகிற வயர் ஒன்று உண்டு, அந்தச் சேதி அறுந்தால் ஓடிக்கொண்டிருக்கிற வண்டி அந்த நொடியே செத்துவிடும், அது எங்கேயோ அறுந்து அறுந்து ஒட்டுகிறது என்றான்.

"எங்க?" என்றான் ஹொக்-லாய்.

லியாவ் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தான். பேட்டரி முனையை ஆட்டிப் பார்த்தான், இறுக்கமாக இருந்தது. ஃப்யூஸ் நன்றாக இருந்தது. எர்த் வயரின் போல்ட்டைச் சுரண்டிப் பார்த்தான், துரு இல்லை. எஞ்சினுக்குப் பக்கத்தில் அந்தச் சேதி கிளம்புகிற கப்ளரைக் கழற்றினான். ஒற்றைக் கையால் முடியாமல் பல்லால் கடித்து இழுத்தான். உள்ளே பளபளவென்று சுத்தமாக இருந்தது. வயரைச் சோதிக்கிற கை மீட்டரின் ரெண்டு முனையையும் வைத்தான், கீச் என்று கூவியது. இங்கேயும் சரி. ஒவ்வொன்றும் சரி சரி என்று ஆக ஆக, தவளை கத்தியைத் தன் கால்சட்டையில் தேய்த்துக்கொண்டிருந்தான். எல்லாம் சரியாக இருந்தால் கெட்டது எங்கே, கையை நீட்டச் சொல்லுங்கள் அண்ணே என்று அவசரப்படுத்தினான். மூலையில் சியூ-கிம் புருஷனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

லியாவ் வண்டியை மறுபடி கிளப்பி விட்டான்.

"ஏறி உக்காருங்க அண்ணே. உங்க தம்பி பாலத்துல எகிறி விழுந்த மாதிரி நல்லா பொத்துனு உக்காருங்க."

ஹொக்-லாய் காலைத் தூக்கிப் போட்டான். தம்பி உட்கார்ந்த சீட்டு. கால் வைக்கிற கம்பியில் எழுந்து நின்று, உடம்புப் பாரம் முழுவதையும் போட்டுத் தொப்பென்று உட்கார்ந்தான்.

எஞ்சின் செத்தது. அவன் மூக்குக்கு நேரே ஆரஞ்சு விளக்கு எரிந்தது.

ஹொக்-லாய் பட்டனை அழுத்தினான். எஞ்சின் சுற்றியதே தவிர பிடிக்கவில்லை. மறுபடி அழுத்தினான். அழுத்து அழுத்தென்று அழுத்தினான். பாலத்தின் மேல் தம்பியின் கட்டைவிரலும் இப்படித்தானே அழுத்தியிருக்கும் என்று அப்போது அவனுக்குத் தோன்றியது. இறங்கி நின்று அழுத்தினான், உடனே பிடித்துக்கொண்டது. ஏறி உட்கார்ந்தான், செத்தது.

"சீட்டுக்கு அடியிலதான்" என்றான் லியாவ். "நான் தொடல. நீங்களே திறங்க."

சீட்டைத் திறந்தது தவளை. திறந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டான், அப்படி ஒரு மூத்திர நாற்றம். மேலே இருந்து பார்க்கப் பச்சைப் பொட்டலம் ரெண்டும் ரப்பர் கட்டோடு, தேதி போகாமல், புத்தம் புதுசாக இருந்தன. ஹொக்-லாய் ஒன்றைக் கையில் எடுத்தான். காற்று மாதிரி கனமில்லாமல் வந்தது. அடிப்பக்கம் முழுக்கக் கடித்துத் திறந்து, தீனி அத்தனையும் போயிருந்தது. பச்சைக் காகிதத்தையே சுக்கல் சுக்கலாகக் கிழித்து மூளைப் பெட்டியின் பக்கத்தில் எலி கூடு கட்டியிருந்தது. பக்கத்தில் போன வயர்கள் தோலுரிந்து செம்பு தெரிந்தது. லியாவ் முன்னால் சுற்றின கறுப்பு டேப்பின் மேலேயே பல் பதிந்திருந்தது. அதில் ஒரு வயர் ரெண்டு இழையில் ஊசலாடிக்கொண்டிருந்தது. ஆள் அழுத்தி உட்கார்ந்தால் திணித்து வைத்த ரெண்டாவது பொட்டலம் நேராக அதன் மேல் அமுங்கும், இழை விலகும். அவ்வளவுதான் விஷயம். சீட்டை மூடியே வைத்திருந்தால் யாருக்கும் தெரியாது.

லியாவ் தலையைக் குனிந்துகொண்டான். எலி கடித்திருக்கிறது என்று மட்டும் சொன்னான், வேறொன்றும் சொல்ல அவனுக்கு மனசு வரவில்லை. சியூ-கிம்முக்கு அந்தத் தயவெல்லாம் இல்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தாள்.

"என் புருஷன் எந்தக் கையால அதை வெளிய எடுத்தாரோ அந்தக் கையை நீ ஒடைச்சுப் போட்டுட்ட. மறுபடி உள்ள திணிச்சது எந்தக் கை? சொல்லுடா. ஊரைக் கூட்டி சத்தியம் பண்ணினியே, சொல்லு."

ஹொக்-லாய் காலியான பொட்டலத்தை வலது கையில் பிடித்தபடி நின்றான். ஆ-தூன் சொல்ல வந்தது இப்போது முழுசாகக் கேட்டது. அங்க வெச்சா எலி வரும் அண்ணே. இவ்வளவுதான் அந்தப் பையன் சொல்ல வந்தது. அதைக் கேட்க ஒரு நிமிஷம் ஆகியிருக்குமா? அதைக்கூடக் கேட்காமல் பிடரியில் அடித்தவன் நான் என்று நினைத்ததும் அவனுக்கு அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போல இருந்தது.

தவளை அவன் காதோரம் வந்தான். ஷட்டர் மூடியிருக்கிறது, பார்த்தது நாலு பேர்தான், ரெண்டு பேர் வாயை அடைப்பது பெரிய காரியமில்லை என்றான்.

"இவன் கையையே எடுத்துட்டுப் போயிடுவோம் அண்ணே. அம்மாவுக்கு என்ன தெரியும்? பொழுது சாயப் போகுது."

லியாவ் அதைக் கேட்டுவிட்டான். அவன் கெஞ்சவில்லை. சியூ-கிம் மட்டும் டயர் லீவரைத் தரையிலிருந்து எடுத்து ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

அம்மா மடியில் கம்போடு உட்கார்ந்திருப்பது ஹொக்-லாய்க்குக் கண் முன்னால் தெரிந்தது. சந்தே அங்கே காத்துக்கொண்டிருக்கும். ஒரு கையைக் கொண்டுபோய்ப் போட்டால் போதும், எவன் கை என்று எவன் கேட்கப் போகிறான். தவளையின் கையிலிருந்து கத்தியை வாங்கினான். லியாவ் கண்ணை மூடிக்கொண்டான்.

ஹொக்-லாய் கத்தியைத் திருப்பி, பிடியை லியாவிடம் நீட்டினான். தன் வலது கையை மேஜை மேல் விரித்து வைத்தான்.

"நீயே வெட்டு."

லியாவ் கண்ணைத் திறந்தான். கத்தியைப் பார்த்தான், மேஜையைப் பார்த்தான்.

"முடியாது அண்ணே. வெட்டணும்னா ரெண்டு கை வேணும். ஒண்ணை நீங்க ஒடைச்சிட்டீங்க."

ஹொக்-லாய் தலையை ஆட்டினான். தவளை வேண்டாம் அண்ணே, பைத்தியமா என்று பாய்ந்தான். அவன் முகத்தில் முழங்கையால் ஒரு இடி இடித்துத் தள்ளிவிட்டு, கத்தியை இடது கையில் மாற்றிக்கொண்டு ஓங்கிப் போட்டான். மணிக்கட்டைத்தான் பார்த்துப் போட்டான். இடது கை பழக்கமில்லாத கை, குறி தப்பிக் கத்தி விரல்களின் கணுவில் இறங்கியது. மூன்று விரல் தனியாகப் போய்த் திருப்புளிகளுக்கு நடுவில் விழுந்தது. சுண்டுவிரல் தோலில் தொங்கியது. ஒரு சத்தம் போட்டான், மாடு கத்துகிற மாதிரி. பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு கத்தியை மறுபடி தூக்கினான்.

சியூ-கிம் லீவரால் அந்த இடது கையை ஓங்கி அடித்தாள். கத்தி தெறித்துப் போய் ஷட்டரில் மோதியது.

"போதும். என் கடையில செத்துத் தொலையாத" என்றாள். அவள்தான் பழைய ட்யூபைக் கிழித்து அவன் மணிக்கட்டில் இறுக்கிக் கட்டினாள். கட்டும்போதும் திட்டிக்கொண்டேதான் கட்டினாள். லியாவ் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அழ ஆரம்பித்திருந்தான். வலிக்கு அழுதானோ, எதற்கு அழுதானோ. மூலையில் வாந்தி எடுத்தவன் தவளை.

ஷட்டரைத் தூக்கும்போது ஹொக்-லாய் தவளையைப் பார்த்து, லியாவைக் காட்டி, இவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போ, விரல் ரெண்டும் நேராகிற வரைக்கும் கூடவே கிட என்றான். இவர் என்றான். லியாவிடம் மன்னிப்புக் கேட்க வாய் வரைக்கும் வந்தது. என்னவென்று கேட்பது? கேட்காமலேயே வெளியே நடந்தான்.

சந்துக்குள் அவன் நடந்து வந்தபோது வெயில் ஓட்டு மேல் மஞ்சளாக இறங்கியிருந்தது. மந்திர ரெக்கார்டு ஓடிக்கொண்டிருந்தது. செத்தவனுக்காக எரிக்கிற தங்கக் காகிதம் மடித்துக்கொண்டிருந்த பெண்கள் அவன் கையைப் பார்த்துவிட்டு மடிப்பதை நிறுத்தினார்கள். சாமான் துடைக்கிற அழுக்குத் துணியில் சுற்றியிருந்ததை அவன் அம்மாவின் காலடியில் வைத்தான்.

அம்மா குனிந்து துணியைப் பிரித்தாள். மூன்று விரல். நடுவிரலில் ஒரு வெள்ளைத் தழும்பு. சின்ன வயசில் அவளுக்கு மீன் சுத்தம் பண்ணிக் கொடுக்கிறேன் என்று வந்து அரிவாள்மனையில் அவன் அறுத்துக்கொண்டது. அன்றைக்கு அவள்தான் இஞ்சியை மென்று வைத்துக் கட்டினாள். யார் கை என்று அவள் கேட்கவில்லை.

"ஏன்?" என்று மட்டும் கேட்டாள்.

"வண்டியைக் கெடுத்தது இதான்மா. பொட்டலத்துக்கு எலி வந்துச்சு. மெக்கானிக் எடுத்துப் போட்டான். நான் மறுபடி வெச்சேன். தம்பி வேணாம்னு சொல்ல வந்தான், அவனையும் அடிச்சேன்."

சடங்கு செய்கிறவர் நேரமாகிவிட்டது என்று மெதுவாக நினைவுபடுத்தினார். அம்மா கம்பை ஊன்றிக்கொண்டு எழுந்தாள். பெட்டியருகே போய் நின்று, முன்னால் போய்விட்டாயே பாவி என்று திட்டத்தான் வாயைத் திறந்தாள். உள்ளே கிடக்கிற முகத்தைப் பார்த்தாள். ஓங்கின கம்பு அப்படியே நின்றது.

பிறகு திரும்பினாள். கம்பு ஹொக்-லாயின் தோளில் இறங்கியது. தலையில், முகத்தில், கட்டுப்போட்ட கையில் என்று இடம் பார்க்காமல் இறங்கியது. ஊரையே அடித்தவன் மண்டி போட்டு வாங்கிக்கொண்டான். தடுக்கக் கையைத் தூக்கவில்லை. சந்தில் ஒருத்தரும் குறுக்கே போகவில்லை. கம்பு முறிகிற வரைக்கும் அவள் அடித்தாள், முறிந்த பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.

கையில் மிச்சமிருந்த துண்டால் பெட்டியின் விளிம்பை ஒரு தட்டு தட்டினாள், தூங்குகிற பிள்ளையை எழுப்புகிற மாதிரி. விரல்களை எடுத்து ஆ-தூனின் கிழிந்த கைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, ஆணியை அடிக்கச் சொன்னாள்.